அந்த விமர்சகரை மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரமாக வாசகர் பக்கத்தில் உங்கள் சினிமா விமர்சகருக்கு நல்ல அர்ச்சனை நடக்கிறது. ஒரு படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டாராம். ராப்பகலாகப் பலர் உழைத்த படத்தை நாலு பத்தியில் காலி செய்ய இவர் யார் என்று ஒருவர் கேட்கிறார். ஆளையே மாற்றுங்கள் என்கிறார் இன்னொருவர். அந்தப் படத்தை நானும் பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் நான் விமர்சகர் பக்கம்தான்.

ஏனென்றால், தனக்கு எது உறுத்தியது என்பதை அவர் எடுத்துக் காட்டியிருந்தார். சாவு வீட்டுக் காட்சியில் கேமரா ஒரு முகத்தில்கூட நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அழுகைச் சத்தத்தையும் மீறி வயலின் கத்துகிறது, கண்ணீர் காய்வதற்குள் டூயட் வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார். எனக்கு அந்தச் சுற்றல்தான் பிடித்தது. துக்கத்தில் இருப்பவருக்கு உலகம் அப்படித்தானே தெரியும்? ஆனால் எனக்கு ஏன் பிடித்தது என்று நான் யோசித்ததே அவர் எழுதியதைப் படித்த பிறகுதான். வயலின் விஷயத்தில் அவர் சொன்னது சரி.

இதற்குப் பதிலாக என்ன கேட்கிறார்கள்? யார் மனமும் நோகாத விமர்சனம். அதன் அச்சு நமக்கு மனப்பாடம். கதைச் சுருக்கம் அரைப் பக்கம். 'நாயகன் பாத்திரத்தை உணர்ந்து நடித்திருக்கிறார்.' 'ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி.' 'இரண்டாம் பாதியில் கொஞ்சம் கத்தரி போட்டிருக்கலாம்.' அப்புறம் 'மொத்தத்தில்' என்று தொடங்கி, படத்தின் பெயரை வைத்து ஒரு சொல் விளையாட்டு. படத்தின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமையும் இதையே போடலாம். பாராட்டோ, கண்டனமோ, எந்தப் படத்துக்கும் பொருந்துகிற வாக்கியம் எந்தப் படத்தைப் பற்றியும் பேசவில்லை.

விமர்சகர்கள் தவறியதே இல்லையா என்று கேட்கலாம். நன்றாகத் தவறியிருக்கிறார்கள். 'பதேர் பாஞ்சாலி' 1958இல் நியூயார்க்கில் வெளியானபோது, நியூயார்க் டைம்ஸின் பாஸ்லி க்ரௌதர், இவ்வளவு தளர்வான அமைப்பும் மந்தமான ஓட்டமும் உள்ள படம் ஹாலிவுட்டில் படத்தொகுப்பின் முதல் வரைவாகக்கூடத் தேறாது என்கிற மாதிரி எழுதினார். படம் அங்கே பல மாதங்கள் ஓடியது. ஆனால் அவர் சொன்ன குறையைக் கவனியுங்கள்: தளர்வு, மந்தம். நிதானமான படம் பிடித்தவருக்கு அந்த வரியே அழைப்பிதழ்.

1960இல் மைக்கேல் பவல் எடுத்த 'பீப்பிங் டாம்' படத்துக்கு நடந்தது வேறு. பெண்களைக் கொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரியும் பயத்தைப் படம்பிடிக்கிற ஒருவனின் கதை. பிரிட்டிஷ் விமர்சகர்கள் கொதித்துப் போனார்கள். அள்ளிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் தள்ள வேண்டும், அப்போதும் நாற்றம் போகாது என்று எழுதினார் ட்ரிப்யூன் பத்திரிகையின் டெரெக் ஹில். அந்த வரியிலிருந்து படத்தைப் பற்றி ஏதாவது தெரிகிறதா? எழுதியவரின் கோபம்தான் தெரிகிறது. பெரிய இயக்குநராக இருந்த பவலின் கை அதன் பிறகு அங்கே ஓங்கவே இல்லை. இன்று அந்தப் படத்தைக் கொண்டாடுகிறார்கள். க்ரௌதரும் ஹில்லும் சம அளவில் கடுமையானவர்கள்தான், ஆனால் இருவரையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

அதே க்ரௌதர் 1967இல் 'பானி அண்ட் க்ளைட்' படத்தைத் திரும்பத் திரும்பச் சாடினார். மறு ஆண்டு தொடக்கத்தில் அவர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். ஆளை மாற்றச் சொல்லும் வாசகருக்கு இது வசதியான உதாரணம், நானே எடுத்துக் கொடுக்கிறேன்! எனக்குப் பிடித்தது நியூஸ்வீக்கில் நடந்தது. அங்கே ஜோ மார்கன்ஸ்டர்னும் அந்தப் படத்தை முதலில் மட்டம் தட்டித்தான் எழுதினார். பிறகு தியேட்டரில் மக்களோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தார். அடுத்த வாரமே, தன் முதல் விமர்சனம் நியாயமற்றது என்று அதே பத்திரிகையில் எழுதினார். பத்திரிகையும் போட்டது. அதற்காக அவர் சீட்டு கிழியவில்லை.

நட்சத்திர மதிப்பீட்டுக்கு இப்படி மனம் மாற இடம் ஏது? இரண்டரை என்று போட்டால் போட்டதுதான். இணையத்தில் சதவீதக் கணக்கு இதைவிட மோசம். விமர்சனங்களைத் திரட்டிக் கணக்குப் போடும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் ஒரு படத்துக்கு 90 என்று இருந்தால், அது நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் இல்லை. பத்து விமர்சகர்களில் ஒன்பது பேர் 'தேறும்' என்ற பக்கம் நின்றார்கள், அவ்வளவுதான். எல்லோரும் அரை மனதாகப் 'பரவாயில்லை' என்ற படத்துக்கு நூறு சதவீதம் கிடைத்துவிடும். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, மீதிப் பேர் தூக்கி எறிந்த படத்துக்கு ஐம்பதுதான். எனக்கு அந்த ஐம்பதைத்தான் முதலில் பார்க்கத் தோன்றும்.

எனவே உங்களிடம் கேட்பது இதுதான். விமர்சகரை மாற்ற வேண்டாம். நட்சத்திரங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவருக்கு இன்னும் பத்து வரி கொடுங்கள். மாதம் ஒருமுறையாவது, தான் பாராட்டிய அல்லது ஒதுக்கிய ஒரு பழைய படத்தை அவர் மறுபடி பார்த்து எழுதட்டும். சாவு வீட்டுக் காட்சி உள்ள அந்தப் படத்திலிருந்தே தொடங்கலாம். அவர் மனம் மாறாவிட்டாலும் எனக்குச் சம்மதமே.

இப்படிக்கு,
வாசகர் பக்கத்தை முதலில் படிக்கும் ஒரு வாசகர்