அண்ணனின் ஊசியும் மாத்திரையும்

அன்பு மாப்ளைக்கு,

கடிதம் பார்த்தேன். அண்ணனுக்குச் சிறுநீரகப் புற்று நுரையீரல்வரை போய்விட்டது என்று படித்ததிலிருந்து மனசே சரியில்லை.

அது நுரையீரல் புற்றுநோய் இல்லை. சிறுநீரகத்துச் செல்தான் அங்கே போய் வளர்ந்திருக்கிறது. வழக்கமான கீமோ இதற்குப் பெரும்பாலும் கேட்காது, அதனால்தான் கொடுக்கவில்லை. "கிட்னியை ஏன் முதலில் எடுக்கவில்லை?" என்று மதினி கேட்டார்களாம். 2018-ல் வந்த கார்மெனா ஆய்வில், இப்படிப் பரவிய சிறுநீரகப் புற்றுக்குச் சுனிட்டினிப் என்ற புற்றுநோய் மாத்திரை மட்டும் எடுத்தவர்களின் ஆயுள், அறுவையும் செய்துகொண்டவர்களைவிடக் குறையவில்லை. மருந்து நன்றாகக் கேட்டால் கிட்னியை எடுப்பதைப் பிறகு யோசிக்கலாம்.

அண்ணனுக்கு இரண்டு மருந்து. புற்றை எதிர்க்க எதிர்ப்புசக்தியைத் தூண்டும் ஊசியான பெம்ப்ரோலிசுமாப் 200 மி.கி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏறும். ஆக்சிட்டினிப் மாத்திரை 5 மி.கி. காலையும் இரவும், 12 மணி நேர இடைவெளியில். வாந்தியில் மாத்திரை வெளியே வந்தாலும் இன்னொன்று போட வேண்டாம், அடுத்த வேளைக்குப் போட்டால் போதும். பம்ப்ளிமாஸ் பழம் கூடவே கூடாது. ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். பி.பி.யைத் தினமும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். மேல் எண் 150-க்கு மேலேயே நின்றால் அடுத்த ஊசிவரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் போடு.

வயிற்றுப்போக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மாத்திரையாலும் வரும், ஊசியாலும் வரும். வைத்தியம் வேறு வேறு. ஆக்சிட்டினிப் உடம்பில் அதிக நேரம் தங்காது. டாக்டர் சொல்லி நிறுத்தினால், அதனால் வந்த போக்கு இரண்டு மூன்று நாளில் அடங்கத் தொடங்கும். அடங்காவிட்டால் ஊசி தூண்டிவிட்ட எதிர்ப்புசக்தி குடலையே தாக்குகிறதோ என்று பார்க்க வேண்டும். அதற்கு ஸ்டீராய்டு தேவைப்படும். மெடிக்கல் ஷாப் மாத்திரையால் போக்கைக் கட்டிவைத்து நாளைக் கடத்தினால் ஆபத்து. புதிதாக வறட்டு இருமலோ, படி ஏறும்போது மூச்சு வாங்குவதோ வந்தாலும் இப்படித்தான். சளி என்று விட்டுவிடாதே, கட்டி பெரிதாகிவிட்டது என்று நீயாக முடிவுகட்டவும் செய்யாதே. நுரையீரல் அழற்சியாக இருக்கலாம், அன்றைக்கே காட்டு.

மாத்திரையால் உள்ளங்கை, உள்ளங்காலில் எரிச்சல் வரலாம். யூரியா 10 சதவீத கிரீமை இருவேளை தடவி, மெத்தென்ற ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்புப் போடச் சொல். மீனாட்சி கோயிலுக்குப் போவதென்றால் விடியற்காலையில் போகட்டும். உச்சி வெயிலில் ஆடி வீதிக் கல் அந்தப் பாதத்துக்கு ஆகாது. கொப்புளம் வந்தால் மாத்திரையைச் சில நாள் நிறுத்தி, அளவைக் குறைத்துத் தொடருவார்கள். அது வழக்கம்தான், மருந்து தோற்றுவிட்டதென்று அண்ணன் மனசு விட வேண்டாம்.

சோர்வு அதிகமானால் தைராய்டைப் பார்க்கச் சொல். பல் பிடுங்குவதென்றாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடு. ஆக்சிட்டினிப் மாத்திரையால் புண் ஆற நாளாகும்.

பி.பி. நோட்டை மதினியிடமே கொடு. விடாமல் எழுதுவார்கள்.

அன்புடன்,
பாண்டி