முதலில் நாற்காலியைக் கட்டுங்கள்: பாரா தடகளப் போட்டி நடத்துவோருக்கு

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கும் மைதானப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். உட்கார்ந்து எறியும் வீரர்களுக்குப் பயிற்சி தருபவர்களும், அவர்களுடைய எறிநாற்காலியைச் செய்பவர்களும், போட்டியன்று அதைத் தரையோடு கட்டுபவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ஆண்கள் எஃப்51 கிளப் எறிதல் நடந்தது. எஃப் எண் என்பது உடல் குறைபாட்டை வைத்து எறிவோரைப் பிரிக்கும் பிரிவு, 51 உட்கார்ந்து எறிவோருக்கானது. கிளப் என்பது பாட்டில் வடிவ மரக்கட்டை. தரம்பீர் எறிந்த முதல் நான்கும் ஃபவுல். ஐந்தாவது 34.92 மீட்டர் போய்த் தங்கம் கிடைத்தது. வெள்ளி வென்ற பிரணவ் சூர்மாவின் தூரம் 34.59. இடையில் இருந்தது 33 சென்டிமீட்டர். மன உறுதி என்று எல்லோரும் பாராட்டினார்கள், சரிதான். ஆனால் நான்கு எறி வீணான பிறகு ஐந்தாவதுக்கும் நாற்காலி இம்மி அசையாமல் நிற்க வேண்டுமே, அது யார் பேச்சிலும் வரவில்லை. எங்களுக்கு அதுதான் பேச்சு.

நின்று ஈட்டி எறிபவர் ஒரு எறி எறிந்துவிட்டு ஓரமாகப் போய் உட்காரலாம், பயிற்சியாளரிடம் கேட்கலாம், அடுத்த முறை ஓட்டத்தை மாற்றிப் பார்க்கலாம். உட்கார்ந்து எறிபவருக்கு அந்த வசதி இல்லை. பெரிய போட்டிகளில் அவர் தன் எறிகள் எல்லாவற்றையும் அடுத்தடுத்து எறிந்து முடிக்கிறார். பிறகு நாற்காலியை அவிழ்த்து அடுத்தவருடையதைக் கட்டுகிறார்கள். இரண்டாவது எறியில், நாற்காலியைத் தரையோடு கட்டிய ஒரு பெல்ட் தளர்ந்தால் மிச்சமுள்ள எறிகளும் அதோடு போயின. ஓராண்டுப் பயிற்சி அந்தச் சில நிமிடங்களில் பெல்ட்டை இறுக்கிப் பூட்டும் ஒரு ராட்செட்டின் பல்லில் தொங்குகிறது.

நாற்காலி எப்படி அசைகிறது என்று தெரிந்தால்தான் அதை ஒழுங்காகக் கட்ட முடியும். இவர்களுக்கு ஓட்டமும் இல்லை, சுழற்சியும் இல்லை. எறியாத கை, நாற்காலியில் பொருத்திய பிடிகம்பத்தை இழுக்கிறது, அந்த இழுப்பில் உடல் முறுக்கி முன்னால் வருகிறது, அதிலிருந்துதான் தூரம் பிறக்கிறது. கம்பம் உயரமானது. அதன் உச்சியில் விழும் இழுப்பு, நாற்காலியின் ஒரு பக்கக் கால்களைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். எறிந்து முடிக்கும் நொடியில் அதே விசை திசை மாறி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும். ஆக, நாற்காலி சறுக்கவும் செய்யும், கவிழவும் பார்க்கும். இரண்டையும் தடுக்கும் கட்டுதான் கட்டு.

நாங்கள் அதிகம் பார்க்கும் கோளாறு, பெல்ட்டை மாட்டத் தரையில் பதிக்கும் நங்கூர வளையங்கள் இருக்கும் இடம். வளையம் நாற்காலியின் காலடியிலேயே இருந்தால் பெல்ட் செங்குத்தாக நிற்கும். கால் எழும்பாது, ஆனால் நாற்காலி பக்கவாட்டில் நகரும். வளையம் ரொம்பத் தள்ளி இருந்தால் பெல்ட் தரையோடு படுத்துவிடும். நகராது, ஆனால் கால் எழும்பும். தரைக்கும் பெல்ட்டுக்கும் இடையே ஏறக்குறைய 45 பாகை இருந்தால் இரண்டும் அடங்கும். நான்கு மூலைக்கு நான்கு பெல்ட் என்பது குறைந்தபட்சம். வலக்கைக்காரரும் இடக்கைக்காரரும் நாற்காலியை வெவ்வேறு கோணத்தில் திருப்பி வைப்பார்கள், ஆகையால் நான்கே வளையம் பதித்த மைதானத்தில் யாராவது ஒருவர் சமரசம் செய்துகொள்ளத்தான் வேண்டியிருக்கும். எறியும் வட்டத்தைச் சுற்றி எட்டு வளையமாவது பதித்துவிடுங்கள். அவை கான்கிரீட்டில் ஆழமாக ஊன்றியவையாக இருக்கட்டும். தாரிலோ செயற்கை ஓடுதளத்திலோ திருகிய போல்ட், கனமான வீரர் ஒருவர் ஒரு முறை இழுத்தால் கையோடு வந்துவிடும்.

அடுத்தது பெல்ட். நைலான் வேண்டாம், இழுக்க இழுக்க நீளும், நனைந்தால் இன்னும் மோசம். 5 சென்டிமீட்டர் அகலப் பாலியெஸ்டர் ராட்செட் பெல்ட்தான் நிற்கிறது. ராட்செட் உருளையில் பெல்ட் இரண்டு சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் வழுக்கும். நாலைந்து சுற்று ஏறினால் பூட்டு சரியாக விழாது. முறுக்கிக் கிடக்கும் பெல்ட் முதல் எறியில் நிமிர்ந்துகொள்ளும், நிமிர்ந்ததும் தளரும். ஒரு மூலையை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எதிரெதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். நாற்காலிக்கு அடியில் ரப்பர் விரிப்பு போடுவது நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் ரப்பர் அமுங்கும், அமுங்கினால் பெல்ட் தொய்யும். மரக்கட்டை முட்டுக் கொடுத்தாலும் அதே கதி.

கட்டிய பிறகு வீரர் ஏறுவதற்கு முன்பே, இரண்டு பேர் பிடிகம்பத்தின் உச்சியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஒவ்வொரு காலைச் சுற்றியும் சாக்பீஸால் ஒரு கோடு. பழகும் எறிகள் முடிந்ததும் கோட்டைப் பாருங்கள், கால் கோட்டை விட்டு விலகியிருந்தால் மறுபடி இறுக்குங்கள். பழகும் எறியில் பெல்ட் கொஞ்சம் இளகுவது சகஜம், அதற்குப் பிறகான இந்த இறுக்கத்தைத்தான் பெரும்பாலான இடங்களில் மறந்துவிடுகிறார்கள். கட்டும் ஆட்களும் போட்டியன்று காலையில் முதன்முதலாக ராட்செட்டைத் தொடுபவர்களாக இருக்கக் கூடாது. முந்தைய நாள் வெவ்வேறு வடிவ நாற்காலிகள் நாலைந்தை அவர்களைக் கட்டிப் பழகச் சொல்லுங்கள்.

நாற்காலிச் சோதனையையும் முந்தைய நாளே வையுங்கள். விதி எளிதுதான்: மெத்தையோடு சேர்த்து இருக்கையின் உயரம் 75 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இருக்கை சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இருந்து, ஒவ்வொரு பக்கமும் 30 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். முன்பக்கம் தாழ்ந்து சரியக் கூடாது. பிடிகம்பம் நேரான ஒரே துண்டு, அதில் ஸ்பிரிங்கோ மூட்டோ வளைவோ கூடாது. கஷ்டம் அளவுநாடாவில் வருகிறது. பட்டறையில் 75 என்று அளந்தது மேடு பள்ளமான தரையில் 75.4 என்று காட்டும், போட்டிக்கு அரை மணி முன்னால் மெத்தையைப் பிய்த்து எறிய வேண்டியிருக்கும். செய்பவர்களுக்கு நாங்கள் சொல்வது, 74.5இல் நிறுத்துங்கள். உங்களுக்குச் சொல்வது, சமதளமான கான்கிரீட்டில் வைத்து அளங்கள். அப்படியே கம்பத்தின் அடி வெல்டிங்கையும் ஒரு கண் பாருங்கள், விரிசல் பெரும்பாலும் அங்கேதான் விழும்.

வீரரை இருக்கையோடு கட்டும் உடல் பெல்ட் வேறு விஷயம். எறியும்போது பிட்டமும் தொடையின் அடியும் இருக்கையை விட்டு எழும்பினால் ஃபவுல். அதனால் எல்லோரும் தொடைமேல் இறுக்கிக் கட்டுவார்கள். மார்பு முதுகெலும்பின் ஆறாம் எலும்புக்கோ அதற்கு மேலோ தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு இந்த இறுக்கமே ஆபத்தாகலாம். உணர்ச்சி இல்லாத இடத்தில் பெல்ட் நெரிப்பதோ, சிறுநீர் வடிக்கும் குழாய் மடங்கி, வெளியே மாட்டிய பை நிரம்பாமல் நிற்பதோ இரத்த அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றும். தலை இடிக்கும், முகம் சிவக்கும், காயத்துக்கு மேலே மட்டும் வியர்க்கும். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், பெல்ட்டைத் தளர்த்துங்கள், குழாயைப் பாருங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். படுக்க வைக்காதீர்கள். இரத்த அழுத்தத்தின் மேல் எண் 160ஐத் தொட்டால் எறிய அனுப்பக் கூடாது என்பது விதி. திறன் கூடும் என்று சிலர் இரத்த அழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றிக்கொள்வதும் உண்டு, அது தடை செய்யப்பட்டது. எறியப் போகும் முன் வீரர்களைச் சரிபார்க்கும் அழைப்பு அறையில் ஒரு இரத்த அழுத்தக் கருவியும் அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் இல்லாமல் எஃப்51, 52, 53 பிரிவுகளை நடத்தாதீர்கள்.

இதே வீரர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது, உடல் சூடு இறங்க வழியில்லை. காத்திருக்கும் இடத்தில் நிழலும், தெளித்துக்கொள்ளத் தண்ணீரும் வேண்டும். இரும்பு நாற்காலியை வெயிலில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு வீரரை அதில் ஏற்றாதீர்கள், தொடை வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

நிகழ்ச்சி நிரல் போடுபவர்களுக்கும் ஒன்று. நின்று எறியும் இந்திய வீரர் தேவேந்திர ஜஜாரியா 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் 62.15 மீட்டர் ஈட்டி எறிந்து உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். அவருடைய பிரிவுக்கு 2008இலும் 2012இலும் ஈட்டி எறிதலே வைக்கப்படவில்லை. 2016 ரியோவில் வைத்தார்கள், 63.97 எறிந்து மறுபடி தங்கம் எடுத்தார். டோக்கியோவில் தன் 40 வயதில் 64.35 எறிந்து வெள்ளி. 12 ஆண்டு இடைவெளியைத் தாங்கிய உடம்பு அவருடையது, எல்லோருக்கும் அது வாய்க்காது. 2024இல் அவரே இந்தியப் பாராலிம்பிக் குழுவின் தலைவராகத் தேர்வானார். எந்தப் பிரிவுக்கு எந்த எறிதல், எந்தப் பிரிவுகள் ஒன்றாகச் சேர்க்கப்படும் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பிரிவு மாறினால் எறிபொருளின் எடையும் மாறலாம். எஃப்57 ஆண்களின் குண்டு 4 கிலோ, எஃப்53இல் 3 கிலோ. கைக்கு அது பழக மாதங்கள் ஆகும்.

பிரிவுகளைச் சேர்த்து, அவரவர் தூரத்தைப் பிரிவுக்கு ஏற்பப் புள்ளியாக மாற்றிக் கணக்கிடுவதாக இருந்தால், அந்தப் புள்ளி அட்டவணையை முன்பே ஒட்டி, இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போடட்டும். 2012 லண்டனில் பெண்கள் எஃப்35/36 வட்டு எறிதலில் புள்ளிக் கணக்கு தப்பி, உக்ரைன் வீராங்கனைக்குத் தந்த தங்கம் திருத்திய பின் சீன வீராங்கனைக்குப் போனது. லண்டனிலேயே நடந்தது என்றால் மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த போட்டிக்கு முன்னால் முதல் வேலையாக வளையங்களைப் பதியுங்கள். கான்கிரீட் இறுக 28 நாள் வேண்டும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உட்கார்ந்து எறிவோரின் பயிற்சியாளர்கள், நாற்காலி செய்வோர், கட்டுவோர்