சர்வர் பாத்துக்கற சார், மேடம் எல்லாருக்கும்: அந்த 1024-ஐ கொஞ்சம் ஏத்திக் குடுங்க

வணக்கம். நம்ம டிபார்ட்மென்ட்டோட 64 கோர் லினக்ஸ் மெஷின்ல ஜாப் போடுற ரிசர்ச் ஸ்டூடன்ட் நான், எங்க லேப் பசங்க எல்லாருக்கும் சேத்து தான் இத எழுதறேன். ஒரு யூசர் ஒரே நேரத்துல எத்தன ப்ராசஸ் (ஓடிட்டிருக்கற ப்ரோகிராம்) வச்சுக்கலாம்ங்கற லிமிட் இங்க 1024, அத ஏத்தணும்னு தான் கேக்கறேன்.

போன வாரம் ராத்திரி பைத்தான்ல 16 வொர்க்கர் ப்ராசஸ் வச்சு ஒரு ஜாப் போட்டேன், போட்ட உடனே கணக்குப் போடற ஓப்பன்பிளாஸ் லைப்ரரி, த்ரெட் (ஒரு ப்ராசஸுக்குள்ள இணையா ஓடற வேல) கிரியேட் பண்ண முடியலன்னு வரி வரியா கொட்டுது, சரி என்னன்னு பாப்போம்னு ஓடற ப்ராசஸ காட்டற பிஎஸ் அடிச்சா ஃபோர்க் ஆகல (புது ப்ராசஸ் ஆரம்பிக்கல), எல்எஸ் அடிச்சா அதுவும் ஆகல, இன்னொரு விண்டோல லாகின் பண்ணா உள்ளயே விடல. எக்கோவும் கில்லும் பாஷ் ஷெல்லுக்குள்ளயே இருக்கற, புது ப்ராசஸ் தேவைப்படாத கமாண்டுங்கறதால தப்பிச்சேன், ப்ராக் டைரக்டரில ப்ராசஸ் நம்பர் பாத்து என்னோடத ஒண்ணொண்ணா நிறுத்தறதுக்குள்ள விடிஞ்சிடுச்சு.

16 ப்ராசஸுக்கு 1024 பத்தாதான்னு நீங்க கேக்கலாம். லினக்ஸ் இந்த லிமிட்ல த்ரெட்டையும் சேத்து தான் எண்ணுது சார். ஓப்பன்பிளாஸ வச்சு ஓடற பைத்தான் லைப்ரரி நம்பைய இம்போர்ட் பண்ணாலே கோருக்கு ஒண்ணுன்னு 64 த்ரெட் வந்துடும், 16 தடவ 64, அங்கயே 1024 முடிஞ்சுது. இதுல கணக்கு லாகினுக்கு லாகின் தனியா இல்ல, ஒரு யூசருக்கு மொத்தமா, அதனால டிமக்ஸ் (லாகின் விட்டுப் போனாலும் ஓடிட்டே இருக்கற டெர்மினல்), ஜூபிட்டர் நோட்புக் எல்லாமே இதுக்குள்ள தான் வரணும். இப்போதைக்கு த்ரெட்ட 4-ஆ குறைச்சு ஓட்டறேன், ஆனா ஜாவா டூல் வச்சிருக்கறவங்க பாடு இன்னும் கஷ்டம், அங்க இதே பிரச்சன மெமரி எரர் மாதிரி வரும், ரேம் காலியா கெடக்கும், ஆள் ரேமயே தேடிட்டு இருப்பாங்க.

அன்லிமிடட் கேக்கல. யாராவது தெரியாம ஃபோர்க் பாம் (தன்னையே பெருக்கிட்டே போற ப்ரோகிராம்) போட்டா மெஷினே படுத்துடும்னு நீங்க பயப்படறது நியாயம் தான். ரிசர்ச் குரூப்புக்கு மட்டும் சாஃப்ட் லிமிட் (இப்ப நடப்புல இருக்கறது) 4096, ஹார்ட் லிமிட் (நாங்களா ஏத்திக்கக்கூடிய உச்சம்) 16384 வைங்க, மத்தவங்களுக்கு 1024-ஏ இருக்கட்டும். இப்ப சாஃப்ட், ஹார்ட் ரெண்டுமே 1024-ங்கறதால யூலிமிட் கமாண்ட்ல நாங்களா ஏத்திக்கவும் வழியில்ல. சர்வீஸ்கள பாத்துக்கற சிஸ்டம்டில, யூசர் ஸ்லைஸோட டாஸ்க்ஸ்மேக்ஸையும் (ஒரு யூசருக்கு அது தனியா வைக்கற ப்ராசஸ், த்ரெட் உச்சவரம்பு) ஒரு தடவ பாத்துடுங்க, அது கம்மியா இருந்தா லிமிட்ஸ் ஃபைல்ல ஏத்தியும் அங்க போய் முட்டும்.

மாத்தின அன்னிக்கு ஒரு மெயில் மட்டும் போடுங்க. ஏற்கெனவே ஓடற டிமக்ஸ் பழைய லிமிட்லயே தான் நிக்கும், நாங்க மூடிட்டு புதுசா லாகின் பண்ணிக்கறோம்.