பக்கத்து வீட்டு வளர்ப்பு நாய் தெருவில் திரிவதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
மூன்றாம் குறுக்குத் தெருவில் குடியிருப்போர் சார்பில்
அத்தெருவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற எழுத்தர்
(பெயர், கதவு எண், கைபேசி எண் தனித்தாளில்)

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: வளர்ப்பு நாயைக் கட்டுப்பாடின்றி வெளியே விடுவது - சிறுமியைக் கடித்தது - நேரில் வந்து பார்த்து, உரிமையாளருக்கு உத்தரவிடக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வளரும் ஆண் நாய் தினமும் காலையிலும் மாலையிலும் வெளியே வந்து தன் போக்கில் திரிகிறது. போன மாதம் என் ஏழு வயதுப் பேத்தியைக் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. நாயைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று கேட்க இந்த மனுவை எழுதவில்லை. அந்த வீட்டு கேட்டின் கொண்டியைச் சரிசெய்ய வையுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். ஒரு கொண்டிக்கு ஆணையர் வரைக்கும் மனுவா என்று தங்களுக்குத் தோன்றலாம். முப்பது வருடம் தபால் பிரித்து அடுக்கிய எனக்கே எழுத உட்கார்ந்தபோது அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் கேட்க வேண்டியவரிடம் எல்லாம் கேட்டுப் பார்த்தாயிற்று.

அது இரண்டு கதவு கொண்ட இரும்பு கேட். ஒரு கதவின் கொண்டி துருப்பிடித்து உடைந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அந்த இடத்தில் நீல நைலான் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆள் தள்ளினால் திறக்காது, நாய் தள்ளினால் திறக்கும். எப்படி என்பதை என் வீட்டுப் படியில் உட்கார்ந்தபடியே பல நாள் பார்த்திருக்கிறேன். முதலில் மூக்கை இடுக்கில் விடும். பிறகு தலையைச் சாய்த்துத் தோளால் ஒரு நெம்பு. கயிறு ஒரு சாண் அளவுக்கு நெகிழ்ந்து கொடுக்கும். வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வந்து, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டுத் தெருமுனைக்கு ஓடும். பத்து விநாடிகூட ஆகாது. கெட்டிக்கார நாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சம்பவம் நடந்த அன்று மாலை பேத்தி வாசலில் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சைக்கிள் போனது. நாய் சைக்கிளைத் துரத்திக்கொண்டு வந்தது. இவள் பயந்து வீட்டுக்குள் ஓடத் திரும்பினாள். ஓடுகிற எதையும் துரத்துவது நாயின் பிறவிக்குணம். அது சைக்கிளை விட்டுவிட்டு இவளைப் பிடித்துவிட்டது. ஒரே கடி, உடனே விட்டும் விட்டது. நான் போய்ப் பார்த்தபோது கெண்டைக்காலில் மூன்று சிறிய பல் தடங்கள். இரண்டில் ரத்தம் பொட்டு வைத்த மாதிரி நின்றது. மூன்றாவது ஆழமாக இறங்கிக் கீழே ஒழுகிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்தவர்கள் ஏதேதோ பொடியைக் கொண்டுவந்து பூசப் பார்த்தார்கள். என் மருமகள் யாரையும் தொடவிடவில்லை. காலைக் குழாயடியில் பிடித்து, சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவினாள். நான் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். குழந்தை அலறும்போது பதினைந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெறிநோய்க் கிருமியை அந்தக் காயத்திலேயே பெருமளவு குறைப்பது இந்தக் கழுவல்தான் என்று பிறகு மருத்துவர் சொன்னபோது மருமகளை நினைத்துப் பெருமையாக இருந்தது. பல் இறங்கி ரத்தம் வந்ததால் இது மூன்றாம் வகைக் கடி, அதாவது மிகக் கடுமையான வகை என்றார்கள். தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றியே எதிர்ப்புப் புரத ஊசியும் போட்டார்கள். பிறகு, முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 14, 28 என்று ஐந்து நாள் குறித்த அட்டையைக் கையில் கொடுத்தார்கள்.

அதோடு மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். இந்த மனுவின் வேர் அந்தக் கேள்விதான். "நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கா? அட்டை இருக்கா?"

உரிமையாளரிடம் ஓடினேன். "போட்டாச்சு மாமா, குட்டியா இருக்கும்போதே போட்டாச்சு" என்றார். அட்டை எங்கே என்றால் இல்லை. எந்த வருடம் என்றால் நினைவில்லை. குட்டிப் பருவத்தில் போடும் ஊசி ஆயுளுக்கும் காக்காது, அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டே வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியவும் இல்லை. சரி, குறைந்தபட்சம் பத்து நாள் நாயைக் கண்ணில் படுகிற மாதிரி வீட்டுக்குள் வைத்திருங்கள் தம்பி என்று கேட்டுக்கொண்டேன். வெறிநோய்க் கிருமி நாயின் எச்சிலில் வந்துவிட்டால், அந்த நாய் சில நாட்களுக்குள் நோய் முற்றிச் செத்துவிடும். கடித்த நாய் பத்தாம் நாளும் நலமாக நடமாடினால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இருந்திருக்காது என்று எடுத்துக்கொள்ளலாம். மருத்துவம் படிக்காத எனக்கே இரண்டு நிமிடத்தில் விளங்கிய கணக்கு இது. அவரும் சரி என்று தலையாட்டினார்.

ஏழாம் நாள் காலை நாயைக் காணோம்.

அந்த நான்கு நாட்கள் எங்கள் வீடு இருந்த இருப்பை எழுத எனக்குத் தெரியவில்லை. மகன் வேலைக்குப் போகாமல் சுற்றுப்பட்ட தெருக்களிலெல்லாம் தேடினான். நான் சாக்கடை ஓரம், பாழ் மனை, பாலத்தின் அடி என்று கைத்தடியோடு அலைந்தேன். செத்துக் கிடக்கிறதா என்று பார்க்கத்தான் தேடினேன், ஐயா. உரிமையாளரோ, "அது அப்பப்ப இப்படித்தான் போகும், வந்துடும்" என்றார். வெறிநோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை என்பதை இந்த வயதில் தெரிந்துகொள்ளாமல் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். உலகம் முழுவதும் வருடத்துக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயில் சாவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள், அவர்களில் பத்துக்கு நான்கு பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். 1885-இல் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக ஊசி போட்டுக் காட்டிய நோய் இது. நூற்று நாற்பது வருடமாகத் தடுப்பு மருந்து கையில் இருக்கிறது.

பதினோராம் நாள் இரவு நாய் வந்தது. இடது காது கிழிந்து, உடம்பெல்லாம் சேறு. என் வீட்டுப் படியருகே நின்று என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. கடித்த அன்று கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கப் போனவன் நான். அன்று இரவு அது உயிரோடு நிற்பதைப் பார்த்து அதன் உரிமையாளரைவிடவும் சந்தோஷப்பட்டவன் நான்தான். இருந்தாலும் இடையில் நான்கு நாள் யார் பார்வையிலும் இல்லாத நாய் என்பதால், ஐந்து ஊசியையும் முடித்துவிடுவதே நல்லது என்றார் மருத்துவர். முடித்தாயிற்று. குழந்தை நலமாக இருக்கிறாள்.

ஆனால் அந்தக் கிழிந்த காது என்னை உறுத்துகிறது. பருவத்துக்கு வந்த பெட்டை நாயின் வாசனை பட்டால் ஆண் நாய் எவ்வளவு தொலைவும் போகும், அங்கே கூடும் மற்ற நாய்களோடு சண்டை போடும். அது எந்த நாயிடம் கடி வாங்கி வந்திருக்கிறது, அந்த நாயின் நிலை என்ன, யாருக்குத் தெரியும்? தடுப்பூசி அட்டை இல்லாத நாய், எங்கேயோ கடிபட்டு, திரும்பி வந்து, அதே நைலான் கயிற்றை நெம்பிக்கொண்டு இன்று காலையும் வெளியே வந்தது. கிருமி உடம்பில் புகுந்தால் நோய் வெளியே தெரியப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். ஆகவே இது ஆறிப்போன விவகாரம் என்று விட்டுவிட முடியவில்லை.

உரிமையாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. என் மனைவிக்கு நெஞ்சுவலி வந்த இரவு, செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனவர் அவர்தான். அதனால்தான் காவல் நிலையத்துக்குப் போகாமல் தங்களிடம் வந்திருக்கிறோம். அவரிடம் நாயைப் பற்றிப் பேசினால் மட்டும் ஒரே பதில்: "அது ஒண்ணும் பண்ணாது." நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி சொல்கிற வாக்கியம் இது. அவரை அது ஒன்றும் பண்ணாது, உண்மைதான். அவர் வீட்டில் வளர்கிற நாய் அவரை ஏன் கடிக்கப் போகிறது? நாளிதழ் போடும் பையன் எங்கள் தெருவில் காலைத் தூக்கி சைக்கிள் கம்பியின் மேல் வைத்துக்கொண்டுதான் கடக்கிறான். எதிர்வீட்டுப் பெரியவர் காலைநடையை நிறுத்தி மூன்று மாதமாகிறது. பேத்திக்கு, நாய் வந்தால் ஓடாதே, கைகளைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி அசையாமல் நில், அதன் கண்ணை உற்றுப் பார்க்காதே என்று செவிலியர் சொல்லிக் கொடுத்தார். நல்ல அறிவுரைதான். இப்போது எங்கேயாவது நாய் நகம் தரையில் கீறும் சத்தம் கேட்டால் போதும், வீட்டுக் கூடத்திலேயே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறாள்.

இதற்கு முன் வேறோர் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னோம். "வீட்டு நாயா, தெரு நாயா?" என்று கேட்டார்கள். வீட்டு நாய் என்றதும், அது எங்கள் வேலை இல்லை, நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வேறொரு நாள் வேறொருவர், தெருவில் திரிகிறது என்றால் அது தெரு நாய்க் கணக்கு, அந்தப் பிரிவில் கேளுங்கள் என்றார். இந்த நாய் தூங்கும்போது வீட்டு நாய், கடிக்கும்போது தெரு நாய். எந்தக் கணக்கிலும் சேராமல் சுகமாக இருக்கிறது.

எனவே தாங்கள் அருள்கூர்ந்து, பொறுப்பான ஒரு பணியாளரை நேரில் அனுப்பி அந்த கேட்டைப் பார்க்கச் செய்ய வேண்டும். ஒரு வாரக் கெடு வைத்து, கொண்டி பொருத்தி, கதவின் அடி இடுக்கையும் அடைக்கும்படி எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் நடக்காது, ஒரு வருடமாக நாங்கள் சொன்னதெல்லாம் வாய்மொழிதான். நாய் முறைப்படி பதிவு செய்யப்பட்டிருக்கிறதா, தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அட்டை இல்லையென்றால் போடவே இல்லை என்று வைத்துக்கொண்டு இப்போதே போடச் செய்ய வேண்டும். செப்டம்பர் 28, வெறிநோய் தினத்துக்கு முகாம் வரும், அப்போது போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இடம் கொடுக்க வேண்டாம். கால்நடை மருத்துவரைக் கலந்து கருத்தடையும் செய்துவிட்டால் ஊர் சுற்றும் ஆசை பெரும்பாலும் குறையும் என்கிறார்கள். வெளியே கூட்டிப்போகும்போது கையில் பிடிவாரும், நாயின் கழுத்துப் பட்டையில் உரிமையாளரின் எண்ணும் இருக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் நாய் வெளியே திரிந்தால் விதிப்படி அபராதம் போடுங்கள், அதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதும் இரண்டு உண்டு. நாயைப் பிடித்துப்போய் வேறு எங்காவது விட்டுவிட வேண்டாம். அங்கேயும் பேத்திகள் இருப்பார்கள். நாய்களைக் கொல்வதால் மட்டும் வெறிநோய் அடங்கிவிடாது. பத்துக்கு ஏழு நாய்க்காவது தடுப்பூசி போட்ட இடத்தில்தான் நோய் அடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அடுத்தது, உத்தரவு போட்ட வேகத்தில் அவர் நாயை நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டுவிடக் கூடாது. கட்டியே கிடக்கும் நாய் இன்னும் மூர்க்கமாகும், ஒருநாள் சங்கிலி அறுந்தால் இப்போதைவிட மோசம். அந்த வீட்டுக்கு நல்ல முற்றம் இருக்கிறது. நாய் அதில் ஓடட்டும், கேட் மட்டும் மூடியிருக்கட்டும்.

பார்வையிட வருபவர் அலுவலக நேரத்தில் வந்தால் நாய் முற்றத்தில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும், புகாரில் உண்மை இல்லை என்று குறிப்பு எழுதிக்கொண்டு போக நேரிடும். தயவுசெய்து காலை ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் அனுப்பிவையுங்கள். நான் படியில் உட்கார்ந்திருப்பேன். அது கேட்டைத் திறக்கும் விதத்தை அவரே பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூன்றாம் குறுக்குத் தெருக் குடியிருப்போர் சார்பில்
(ஒப்பம்)

இணைப்பு: தெருவாசிகள் பதினான்கு பேரின் கையொப்பத் தாள், பேத்தியின் தடுப்பூசி அட்டை நகல், கேட்டின் புகைப்படம் இரண்டு (கயிறு கட்டிய நிலையிலும் நாய் வெளியே வரும் நிலையிலும்).