கிளையின் தீர்மானத்திற்குப் பதில் வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிளினிக் கட்டணம், மருந்து விலை, ஒப்பந்த மருத்துவர்களின் நிலை என எந்த விவகாரம் எழுந்தாலும் மலேசிய மருத்துவச் சங்கத்தின் கருத்து நாளிதழ்களில் இடம்பெறுகிறது. அது கோலாலம்பூர் ஜாலான் பகாங்கில் உள்ள தலைமையகத்திலிருந்து வருவது. ஆனால் பட்டர்வொர்த்திலோ தைப்பிங்கிலோ கிளினிக் நடத்தும் ஒருவரின் குறை அந்தக் கட்டடத்தை எந்த வழியாகச் சென்றடைகிறது, சென்ற பிறகு அதற்கு என்ன ஆகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. மருத்துவர்களிலேயே சிலருக்குத் தெரியாது. செபெராங் பிறையில் பொது மருத்துவராகத் தொழில் செய்பவன் என்ற முறையில் இதுபற்றிச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். மருத்துவரைப் பதிவு செய்வதும் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்கீழ் இயங்கும் மலேசிய மருத்துவ மன்றத்தின் பொறுப்பு. சங்கம் என்பது மருத்துவர்கள் விரும்பிச் சேரும் அமைப்பு. ஆகவே உறுப்பினர் தன் குரலுக்கு மதிப்பிருப்பதாக நம்பும்வரைதான் அதற்குப் பலம்.

அந்தக் குரலுக்கான முதல் வாசல் மாநிலக் கிளை. கிளையில் பேசப்படுவது பிரதிநிதிகள் வழியாகத் தேசியச் செயலவைக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கும் போகிறது. அரசாங்க மருத்துவமனைகளில் பணிபுரிவோருக்கு ஸ்கோமோஸ் என்ற பிரிவும், தனியார் மருத்துவர்களுக்கு வேறொரு பிரிவும் உண்டு. ஏட்டளவில் இது குறையற்ற ஏற்பாடு. ஆனால் தேசியத் தலைவரின் பதவிக்காலம் ஓராண்டுதான். ஒரு மாநிலத்தின் சிக்கலைப் புதிய தலைவர் புரிந்துகொண்டு சுகாதார அமைச்சின் கதவைத் தட்டுவதற்குள் அடுத்தவர் பொறுப்பேற்கும் நாள் நெருங்கிவிடுகிறது. இத்தகைய அமைப்பில் தொடர்ச்சியைக் காக்க வேண்டியவை கிளைகளும் எழுத்தில் உள்ள பதிவுகளுமே. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் மலாயாக் கிளை, 1959இல் உருவான நம் சங்கத்தின் முன்னோடிகளில் ஒன்று. லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்த மரபில் வந்தவர்களுக்குக் கிளையின் மனநிலை புரியாமல் போகக்கூடாது.

பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் உள்ள தொழிற்சாலைகளின் பேனல் கிளினிக்குகளை, அதாவது தொழிலாளர்களின் சிகிச்சைச் செலவை முதலாளி ஏற்கும் ஏற்பாட்டில் உள்ள கிளினிக்குகளை எடுத்துக்கொள்வோம். தொழிலாளி காய்ச்சலோடு வந்து அட்டையை நீட்டுகிறார். பணிப்பெண், முதலாளிக்கும் கிளினிக்குக்கும் இடையே கட்டணத்தைக் கையாளும் டி.பி.ஏ. எனப்படும் இடைத்தரகு நிறுவனத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து, அவர் பெயர் இருக்கிறதா, இந்த வருகைக்கு எத்தனை ரிங்கிட் வரை அனுமதி என்று பார்க்கிறார். நிறுவனத்துக்கு நிறுவனம் பக்கமும் வேறு, கடவுச்சொல்லும் வேறு. உச்சவரம்பு குறைவாக இருந்தால் எந்த மருந்தைக் கொடுப்பது, எதை விடுவது என்ற கணக்கு மருத்துவரின் மேசைக்கு வந்துவிடுகிறது. பணம் பிறகு எப்போதோ வருகிறது, அதிலும் நிர்வாகக் கட்டணம் என்று ஒரு பகுதி பிடிக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலைகள் அடர்ந்த மாநிலத்தில் இது அன்றாடச் சங்கடம். பேனல் நோயாளிகள் குறைவாக உள்ள ஊரிலிருந்து வரும் செயலவை உறுப்பினருக்கு இது நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி மட்டுமே.

கடந்த 2025 மே 1 முதல் கிளினிக்குகள் மருந்து விலையைக் காட்சிப்படுத்த வேண்டும் என்ற உத்தரவு நடப்புக்கு வந்தபோது, மே 6இல் மருத்துவர்கள் புத்ராஜெயாவில் திரண்டார்கள். விலையை மறைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரச் சட்டத்திற்கு ஏற்கெனவே உட்பட்ட கிளினிக்கை, 2011ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழும் கொண்டுவந்தது ஏன் என்று கேட்டார்கள். 2006ஆம் ஆண்டு விதிமுறைகள் பொது மருத்துவரின் ஆலோசனைக் கட்டணத்தை 10 முதல் 35 ரிங்கிட் என்று நிர்ணயித்த பிறகு அது பல ஆண்டுகள் நகராமல் நின்றதும் அந்தக் கோபத்தில் கலந்திருந்தது. கட்டணம் பற்றிய முறையீடு ஒரே நாளில் முளைத்ததன்று. கிளைக் கூட்டங்களில் ஆண்டாண்டாகப் பேசிப் பழகிய பேச்சு அது.

இன்னொரு நிகழ்வு 2021இல் நடந்தது. அரசாங்க மருத்துவமனைகளில் நிரந்தரப் பணியிடம் போதாமல் இளம் மருத்துவர்களுக்கு 2016 இறுதியில் கொண்டுவரப்பட்ட ஒப்பந்த முறையை எதிர்த்து, அவ்வாண்டு ஜூலையில் கறுப்பு உடை அணியும்படி சங்கம் அழைப்பு விடுத்தது. எனினும் ஜூலை 26இல் இளம் மருத்துவர்கள் மருத்துவமனைகளிலிருந்து வெளிநடப்புச் செய்தது சங்கத்திற்கு வெளியே, சமூக ஊடகங்களில் திரண்ட இயக்கத்தின் அழைப்பை ஏற்றுத்தான். சங்கம் கைகட்டி நின்றது என்று நான் சொல்லமாட்டேன். வார்டில் இரவுப் பணி பார்க்கும் இளைஞருக்குக் கிளை, செயலவை, அமைச்சு என்ற படிக்கட்டு மிக நீளமாகத் தோன்றியிருக்க வேண்டும் என்பதே என் கணிப்பு.

பிற நாடுகளில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1901இல் தன்னைத் திருத்தியமைத்தபோது வட்டாரச் சங்கங்களை அடித்தளமாக்கி, மாநிலங்களின் உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பேராளர் இடங்களை ஒதுக்கியது. இந்திய மருத்துவச் சங்கத்தில் ஒருவர் உறுப்பினராவதே பெரும்பாலும் உள்ளூர்க் கிளையின் வழியாகத்தான். அங்கும் சச்சரவுகள் இல்லாமல் இல்லை. ஆனால் கிளை என்பது விரிவுரையும் விருந்தும் நடத்துவதற்கு மட்டுமே என்ற எண்ணம் எழ அந்த அமைப்பு இடம் தருவதில்லை.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அன்று. ஒரு கிளை நிறைவேற்றி அனுப்பும் ஒவ்வொரு தீர்மானத்திற்கும் தேசியச் செயலவை எழுத்துப்பூர்வமான பதில் தர வேண்டும்: ஏற்றுக்கொண்டதா, அமைச்சுக்கு அனுப்பியதா, நிராகரித்ததென்றால் ஏன் என்று. தலைவர் மாறினாலும் அந்தப் பதிவு மாறாமல் அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். அந்தப் பதில் கிளைக் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். பினாங்குக் கிளையைப் பொறுத்தவரை, கூட்டங்களில் ஒரு பகுதியாவது தீவுக்கு வெளியே, பெருநிலத்தில் உள்ள செபெராங் பிறையில் நடக்கட்டும். இரவு ஒன்பது மணிக்குக் கிளினிக்கைப் பூட்டும் சுங்கை பாக்காப் மருத்துவர் பாலம் கடந்து ஜார்ஜ்டவுன் போய் வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. இந்தக் கோரிக்கையை அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு முன்மொழிய நம் கிளை உறுப்பினர்கள் முன்வர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொது மருத்துவர் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு.