திருடர்களின் பேரன்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிட்னி பயணக் கட்டுரையில், "திருடர்களின் பேரன்கள் நமக்கு விசா தர யோசிக்கிறார்கள்" என்று ஒரு வரி. எழுதியவர் சிரிப்பதற்காக எழுதியிருப்பார். சரி, சிரித்தாயிற்று. ஊருக்கு வரும்போதெல்லாம் கல்யாண வீட்டில் யாராவது ஒரு மாமா இதையேதான் சொல்வார். மாமாவை விடுங்கள். உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? என் விசா நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருந்த ஆஸ்திரேலிய அதிகாரியே வியட்நாமிலிருந்து வந்தவர்.

1788 முதல் 1868 வரை பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றிய கைதிகள் சுமார் 1,62,000 பேர். அவர்களில் ஹென்றி கேபிள் ஒருவர். 1783ல் நார்ஃபோக்கில் வீடு புகுந்து திருடிய வழக்கு. அந்தக் குற்றத்துக்கு அன்று தூக்குதான். கூடப் பிடிபட்ட தகப்பனைத் தூக்கிலிட்டார்கள். மகனுக்கு 14 ஆண்டு நாடுகடத்தல் என்று குறைத்தார்கள், அதுவும் அமெரிக்காவுக்கு. அமெரிக்காவோ பிரிட்டனின் கையைவிட்டுப் போயிருந்தது. சிறையிலேயே கிடந்தவர் அங்கே சூசன்னா ஹோம்ஸ் என்ற பெண் கைதியோடு ஒரு குழந்தைக்கும் தகப்பனானார். மூவரும் சிட்னி வந்தபோது, நல்ல மனம் படைத்தவர்கள் பணம் திரட்டி வாங்கிக்கொடுத்திருந்த சாமான் மூட்டை கப்பலில் காணாமல் போயிருந்தது. கப்பல் தலைவர் மேல் வழக்குப் போட்டு 15 பவுண்டு வாங்கினார்கள்! இங்கிலாந்தில் இருந்திருந்தால், தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர்கள் என்பதால் அவர்கள் வழக்கே போட்டிருக்க முடியாது. பிற்பாடு அதே கேபிள் சிட்னியின் தலைமைக் கான்ஸ்டபிள். அப்புறம் பன்றி வாங்கியதில் வேலை போனது, அது வேறு கதை.

உங்கள் கட்டுரையாளர் சிட்னியின் ஹாரிஸ் பார்க் பகுதியில் சாப்பிட்ட தோசைக்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறார். சில தெரு தள்ளி நடந்திருந்தால் ஜேம்ஸ் ரூஸ் என்ற இன்னொரு கைதியின் நிலத்தைப் பார்த்திருக்கலாம். அவர் திருடியது இரண்டு கடிகாரம், கைக்கடிகாரம்கூட இல்லை, சட்டைப்பைக் கடிகாரங்கள். வீட்டை உடைத்து அவற்றை எடுத்ததற்கு 7 ஆண்டு. 1791ல் அவருக்கு 30 ஏக்கர் எழுதிக்கொடுத்தார்கள். நான் குடியிருக்கும் டூங்காபியும் கைதிகள் உழுத அரசுப் பண்ணைதான். ஊரிலிருந்து யார் வந்தாலும் அழைத்துப் போய்க் காட்டுகிறேன். திருட்டைப் பற்றித்தான் எழுத வேண்டுமென்றால், அந்த 30 ஏக்கர் அதற்கு முன்னால் யாருடையது என்று கேட்டிருக்கலாமே? அந்த மண்ணின் பூர்வகுடிகளான தாருக் மக்களைப் பற்றி நான்கு பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை.

இது முதல் தடவையும் அல்ல. தீபாவளி மலரில் சிட்னியைத் தலைநகராக்கினீர்கள். எழுதினேன், பதில் இல்லை. அதற்கு முன்பு எழுதிய கடிதத்தை மூன்று வரியாக நறுக்கி, பாராட்டை மட்டும் போட்டீர்கள். சந்தா முன்கூட்டியே கட்டுகிறேன். இதழ் எப்போது வரும் என்று தபால்காரருக்கும் தெரியாது. முதல் கைதிக் கப்பல்களே எட்டு மாதத்தில் வந்து சேர்ந்துவிட்டன.

கேட்பது சின்ன விஷயம். 23ஆம் பக்கப் படத்துக்குக் கீழே "ஆங்கிலேயர் மாளிகை" என்று போட்டிருக்கிறீர்கள். அது ஹைட் பார்க் பாரக்ஸ், 1819ல் கைதிகள் தங்கக் கட்டியது. வடிவமைத்த ஃபிரான்சிஸ் கிரீன்வேயும் கைதியாக வந்தவர்தான். அடுத்த இதழில் இதைத் திருத்திப் போடுங்கள். இந்தக் கடிதத்தை நறுக்குவதானால் இந்தப் பத்தியை மட்டுமாவது விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
டூங்காபி, சிட்னி