கேரவன், வேன் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு: டயர் வெடிப்பதைப் பற்றி ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சித்திரை, வைகாசியில் கல்யாணம், படைப்பு, கோயில் திருவிழா என்று வெளியூர்களிலிருந்து கேரவன்களும் படுக்கை வசதி செய்த டெம்போ டிராவலர்களும் செட்டிநாட்டுக்கு வருகின்றன. உள்ளூர்க்காரர்களும் சொந்தமாக வைத்திருக்கிறீர்கள். இந்த வண்டிகளின் டயர் வெடிப்புக்கு எல்லோரும் வெயிலைத்தான் குற்றம் சொல்கிறார்கள். வெயில் மட்டும் நல்ல டயரை வெடிக்கச் செய்யாது. காற்று குறைந்து ஓடியிருக்கும், தாங்க முடியாத பாரம் ஏறியிருக்கும், அல்லது வயதாகி உள்ளே நூலும் ரப்பரும் விட்டுப்போயிருக்கும். அந்த நிலையில் இருக்கிற டயரை வெயில் முடித்து வைக்கிறது.

காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கி விரியும். அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. சூடு ஏற ஏற ரப்பர் நூலிலிருந்து பிரிகிறது. வேகமும் பாரமும் சேர்ந்தால் ஒரு மணி நேர ஓட்டமே போதும். நம் பக்கத்தில் இதற்கு முதல் காரணம் சீமைக் கருவேல முள். கண்மாய்க்கரையிலோ பொட்டலிலோ வண்டியைத் திருப்பும்போது ஏறும் முள், ஒடிந்து பட்டனுக்குள்ளேயே (தரையில் படும் டயர்ப் பகுதி) நின்றுவிடும். டியூப்லெஸ் டயர் உடனே இறங்காது, மெல்லக் கசியும். வீட்டு வாசலில் ஒரு வாரம் நிற்கிற வண்டியில் இந்தக் கசிவைப் பார்வையில் கண்டுபிடிக்க முடியாது. குடும்பத்தோடு திருச்சிச் சாலையில் 80 கி.மீ. வேகம் பிடித்த பிறகுதான் தெரியும்.

ஆகவே புறப்படும் நாள் காலையில், வண்டியை நகர்த்துவதற்கு முன்பு, எல்லா டயரிலும் காற்றை அளந்து பாருங்கள். நல்ல கேஜ் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கானது. ஓடிய டயரில் 10 டிகிரி சூடு ஏறினால் சுமார் 2.5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) கூடும். இது இயல்பு. 65 வைக்க வேண்டிய டயர் ஓட்டத்தில் 73 காட்டுகிறதே என்று பெட்ரோல் பங்கில் காற்றைத் திறந்து 65-க்கு இறக்கினால், மறுநாள் காலையில் அதில் 58-தான் இருக்கும். சூடான டயரில் காற்றைக் குறைக்கவே குறைக்காதீர்கள். 65 வைக்க வேண்டிய இடத்தில் 52-க்கும் கீழே இறங்கி ஓடிய டயரில் காற்றை மட்டும் நிரப்பிக்கொண்டு கிளம்பக் கூடாது. கழற்றி உட்புறத்தைப் பார்த்தாக வேண்டும். உள்ளே கம்பி முறிந்திருந்தால் காற்று ஏறும்போதே பக்கச்சுவர் கிழிந்து, பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

பின்னால் ஜோடி டயர் உள்ள வண்டிகளில் உள் டயரை யாரும் தொடுவதில்லை. கணக்கைப் பாருங்கள்: பின் அச்சில் 2,800 கிலோ என்றால் நான்கு டயருக்கும் தலா 700. உள் டயர் இறங்கினால் அந்தப் பக்கத்து வெளி டயர் ஒன்றே 1,400 கிலோவைச் சுமக்கும். டயரில் 112/110 என்று போட்டிருந்தால் தனியாக நின்றால் 1,120 கிலோ, ஜோடியாக நின்றால் 1,060 கிலோ என்று பொருள். 1,400-ஐ அது எப்படித் தாங்கும்? உள் வால்வுக்கு நீட்டிப்புக் குழாய் போட்டிருந்தால் அதிலும் விரிசல் வரும், சோப்பு நீர் தடவிப் பாருங்கள். ஜோடி டயர்களுக்கு இடையே சரளைக் கல் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள், ஓட ஓட இரண்டு பக்கச்சுவரையும் அறுக்கும். புதிய டயரையும் தேய்ந்த டயரையும் ஜோடி சேர்க்காதீர்கள். விட்டத்தில் 6 மி.மீ. வித்தியாசத்துக்கு மேல் போனால் பெரிய டயரே பாரத்தில் பெரும்பங்கைச் சுமக்கும்.

பாரத்தை ஊகிக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டி, கேஸ், பெட்டி, ஆட்கள் எல்லாம் ஏறிய பின் எடை மேடையில் முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் போட்டுப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. அது பின் அச்சுக்கும் பின்னால் இருந்தால் முன்பக்கத்தைத் தூக்கி, பின் டயர்களுக்குத் தன் எடையைவிடக் கூடுதலாகவே பாரம் தரும். ஊர் திரும்பும்போது ஆத்தங்குடித் தரைக்கற்களை டிக்கியில் அடுக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அவற்றை லாரியில் அனுப்புங்கள்.

கேரவன் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். சட்டம் கேட்கும் 1.6 மி.மீ. பட்டன் ஆழம் இருப்பதால் மட்டும் டயர் நல்லதென்று ஆகாது. பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் உள்ள நான்கு எண்களைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. 5 ஆண்டு ஆனால் ஆண்டுதோறும் கழற்றிச் சோதிக்க வேண்டும். நின்றே கிடக்கும் வண்டிக்கு 7 ஆண்டுக்கு மேல் நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான், ஓடாவிட்டாலும் வயது நிற்காது. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் டயருக்கு அடியில் பலகை வைத்து, வெயில் படாமல் மூடி, மாதம் ஒரு முறை சற்று ஓட்டுங்கள். ரப்பருக்குள் இருக்கும் பாதுகாப்பு மெழுகு டயர் உருண்டு வளைந்தால்தான் மேலே வரும்.

நைட்ரஜன் கெடுதல் இல்லை, ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். அந்தப் பணத்தை வால்வில் மாட்டும் காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவிக்குச் செலவிடுங்கள். அழுத்தம் 15 சதவீதம் இறங்கினால் கத்தும்படி அமையுங்கள். அதை மாட்ட ரப்பர் வால்வு போதாது, உலோக வால்வு வேண்டும். பஞ்சர் பட்டனில், 6 மி.மீ.க்குள் இருந்தால் உள்ளிருந்து ஒட்டலாம். வெளியிலிருந்து ரப்பர் குச்சி சொருகுவது ஊர் போய்ச் சேர மட்டுமே. பக்கச்சுவர் கிழிந்ததற்கு ஒட்டு கிடையாது. ரீட்ரெட் டயரை (பழைய டயரில் புதுப் பட்டன் ஒட்டியது) முன்னால் போடாதீர்கள்.

ஓடும்போது வெடித்துவிட்டால் பிரேக்கை மிதிக்காதீர்கள். மிதித்தால் பாரம் முன்னால் சாய்ந்து வண்டி பக்கவாட்டில் இழுக்கும். ஸ்டியரிங்கை இரு கையாலும் இறுகப் பிடித்து நேராக வையுங்கள். ஆக்சிலேட்டரை உடனே விடாமல் ஒரு கணம் அப்படியே வைத்திருந்தால் வண்டியின் போக்கு நிலைக்கும். பிறகு மெல்ல விட்டு, வேகம் தானாகக் குறைந்ததும் இடது ஓரம் ஒதுக்குங்கள். அபாய விளக்கைப் போட்டு, எல்லோரையும் இடது பக்கமாக இறக்கி, சாலையை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். ரிம்மில் உருட்டிக்கொண்டு போகவே கூடாது.

பின் டயரை மாற்றும்போது ஹேண்ட் பிரேக்கை நம்பாமல் முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். உருகிய தாரிலும் செம்மண்ணிலும் ஜாக்கி புதையும், அடியில் கனமான பலகை போடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தி, மாற்றிய பின் எதிர் எதிர் நட்டாக இறுக்குங்கள். 50 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன் சக்கரக் கூண்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பிய்ந்த டயர்த் துண்டுகள் பிரேக் குழாய், வயர், தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய் எதையும் அடித்து நொறுக்கும். கேரவனில் ஓட்டத்தின்போது சிலிண்டர் வால்வு எப்போதும் மூடியிருக்கச் சொல்வது இதனால்தான். ஜோடியில் ஒன்று வெடித்தால், அதோடு சேர்ந்து நின்ற டயரும் அதிக பாரம் தாங்கியிருக்கும், அதையும் கழற்றிக் காட்டுங்கள்.

வெடித்த டயரை வழியில் எறிந்துவிடாமல் எங்களிடம் கொண்டு வாருங்கள். உட்சுவரில் வட்டமாகக் கருகிய கோடு இருந்தால் காற்றுக் குறைவு. ஒரே இடத்தில் எக்ஸ் வடிவில் கிழிந்திருந்தால் பள்ளத்தில் அடி. பட்டன் முழுதாக உரிந்திருந்தால் வயதோ பாரமோ. எது என்று தெரிந்தால் மற்ற டயர்களில் எதை மாற்ற வேண்டும், எதை விடலாம் என்று சொல்லிவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் டயர் கடையினர்,
காரைக்குடி